நாராயண்குடா ஊசி

ஹப்சிகுடா, ஹைதராபாத்
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்பி நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன், அந்த ஒருவனும் நலம். உன் முழங்கால், காது மெஷின், உன் பெண் பத்மப்ரியாவின் ஆபீஸ் கோபம் எல்லாம் எப்படி இருக்கின்றன? நமக்குள் போன் வேண்டாம், கடிதம் போதும் என்று நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தார்நாகா தபால் ஆபீஸில் கவர் கேட்டால், கவுண்டரில் இருக்கும் பெண் என்னை மியூசியத்திலிருந்து தப்பி வந்தவன் போலப் பார்க்கிறாள்.

எங்கள் பெண் தாரிணியின் பிரசவத்துக்காக வசந்தி பெங்களூர் போயிருக்கிறாள். நாச்சாரம் பாக்டரியிலும் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆக, வீட்டில் பெண்டாட்டியும் இல்லை, வெளியில் வேலையும் இல்லை. சாயங்காலமானால் தெருக்கோடியில் பூர்ணாவின் டீக்கடை பெஞ்சுதான் கதி. அங்கே ஒரு நாய்க்குட்டி எனக்குச் சிநேகிதமாகியிருக்கிறது. வாதுமைப் பருப்பின் நிறம் என்பதால் தெருப் பிள்ளைகள் அதற்குப் பாதாம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் போனவுடன் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாராயண்குடா ஞாபகம் வந்துவிடுகிறது. தார்நாகா குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு நாய் நம் இருவரையும் கடித்து, பதினாலு நாள் நாராயண்குடா ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டோமே. எனக்கு நாலு வயசு இருக்குமா? அப்பா என்னை மடியில் மல்லாக்கப் போட்டு, சட்டையைத் தூக்கி, "முடிஞ்சுதுடா, முடிஞ்சுதுடா" என்று சொன்னது அப்படியே இருக்கிறது. அவருடைய சட்டையின் இங்க் கறைகூடத் தெரிகிறது. திரும்பும்போது இரானி ஹோட்டலில் உஸ்மானியா பிஸ்கட். அதை டீயில் நனைத்து அப்பாவே ஊட்டுவார். ஊசி வலித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பிஸ்கட் இனித்தது மட்டும் நன்றாகத் தெரியும்.

எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அம்பி

*

கோயம்புத்தூர்
9 ஆகஸ்ட் 2024

சிரஞ்சீவி அம்பிக்கு,

அக்கா அபயாம்பாள் அநேக ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது, நான் அதன் இஷ்டப்படி நடக்கிறேன். பத்மப்ரியாவுக்குப் புது மேனேஜர் வந்திருப்பதால் கோபமும் புதிதாக இருக்கிறது.

தனியாக இருக்கிறாய் என்பதால் மூன்று வேளையும் சாதம் மோர் என்று ஓட்டாதே. உனக்கு ரசம் வைக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், வசந்தியிடம்தான் தெரியாததுபோல நடிக்கிறாய்.

குவார்ட்டர்ஸைப் பற்றி எழுதியிருந்தாயே, எல்லாம் கண் முன்னால் வந்தது. வாசலில் குல்மொஹர் மரம், ஆராய்ச்சிக் கூடத்தின் சங்கு, சாயங்காலம் வரிசையாக வரும் சைக்கிள்கள். அதில் எது அப்பாவின் மணி என்று உனக்குத் தெரிந்துவிடும், ஓடுவாய். நாராயண்குடாவைப் பற்றி நீ சொல்வதை எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. இருந்தாலும் நீ சொல்லிக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நான் அதில் எதையும் சேர்க்கவில்லை.

பாதாமுக்குப் பிஸ்கட் போடு, ஆனால் கொஞ்சிக்கொண்டு நிற்காதே. அதற்கு யாராவது ஊசி போட்டிருக்கிறார்களா என்று விசாரி. தெருவில் குட்டிகளுக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

தாரிணிக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

அபயம்

*

ஹப்சிகுடா
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நலம், நலமறிய ஆவல். கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று ஆரம்பித்துவிடாதே. வலது கட்டை விரலில் சின்னக் கட்டு. கேட்டைச் சாத்தும்போது இடித்துக்கொண்டேன்.

தாரிணியை டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றாராம். வசந்தி அங்கே பத்திய லேகியத்துக்குச் சாமான் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் ரசம் வைத்தேன். உன் வாய்க்குப் பயந்துதான்.

பாதாம்தான் சரியில்லை. சில நாளாக ஒன்றும் தின்பதில்லை. தாடை தொங்கிப்போய், எச்சில் வழிய, டீக்கடைக்குப் பின்னால் இருட்டாகப் பார்த்துப் படுத்துக்கொள்கிறது. குரைத்தால் குரலே வேறாக வருகிறது. தண்ணீர் வைத்தேன், மூக்கை நனைத்துக்கொண்டதே தவிரக் குடிக்க முடியவில்லை. தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று நினைத்து வாயைத் திறந்து பார்த்தேன். பூர்ணா தெலுங்கும் உருதுவுமாக "நக்கோ சார், ஹாத் நக்கோ டாலோ!" என்று கத்தினாள். கையை விடாதே என்கிறாள், ஆனால் இவ்வளவு சின்னக் குட்டியை எப்படி அப்படியே விடுவது? எலும்பு எதுவும் இல்லை. பாவம், அது கடிக்கக்கூட முயற்சி செய்யவில்லை.

வேறு விசேஷமில்லை.

அம்பி

*

கோயம்புத்தூர்
26 ஆகஸ்ட் 2024
ஸ்பீட் போஸ்ட்

அம்பி,

ஆசீர்வாதம். விரலில் பட்டது கேட்டா, நாயா?

எனக்குக் காதுதான் போயிருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது. ஒரே கடிதத்தில் நாயின் வாய்க்குள் கையை விட்டதாகவும் கட்டை விரலில் கட்டு என்றும் எழுதினால் எனக்குக் கூட்டத் தெரியாதா? பத்மப்ரியாவை உனக்குப் போன் செய்யச் சொன்னேன். "மாமா சிரிக்கிறார், டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன்னு சொல்றார்" என்று எழுதிக் காட்டினாள். நீ சிரித்தால் எதையோ மறைக்கிறாய் என்று அர்த்தம்.

வெறிநாய் என்றால் துரத்தித் துரத்திக் கடிப்பதுதான் எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாமல் மூலையில் படுத்து, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் நிற்பதும் அதே நோய்தான். எலும்பு மாட்டியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டவர்கள் உனக்கு முன்னாலும் உண்டு. கடிக்கவே வேண்டாம். எச்சில் ஒரு கீறலில் பட்டால் போதும். அந்தக் கிருமி நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்கு ஏறும். சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அது போய்ச் சேர்வதற்குள் ஊசி போட்டுக்கொண்டால் தப்பித்தாய். போய்ச் சேர்ந்து, தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்க ஆரம்பித்துவிட்டால் உலகத்தில் எந்த டாக்டரும் காப்பாற்ற முடியாது. ஒன்பது வயசில் பயந்தவள் நான். இதைப் பற்றி எது அச்சில் வந்தாலும் விடாமல் படித்திருக்கிறேன்.

கட்டை அவிழ். குழாயடியில் சோப்பு போட்டு, கால் மணி நேரம் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் வைக்காதே. இன்றே டாக்டரிடம் போ. இப்போது வயிற்றில் போடுவதில்லை, கையில்தான்.

பதில் எழுது. போனில் சிரிக்காதே.

அபயம்

*

ஹப்சிகுடா
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உன் கடிதம் படித்தேன். கோபம் நலமாக இருப்பதால் நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, கேட் இல்லை. குட்டியின் பல் பட்டது. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் மாற்றி எழுதினேன். பாதாம் செத்துப்போய்விட்டது. உனக்கு எழுதிய மறுநாளோ அதற்கு மறுநாளோ, கார்ப்பரேஷன் வண்டி வந்து எடுத்துப் போனது. பூர்ணா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி நின்றேன்.

சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன், நீ சொன்னதற்காக. ஆனால் டாக்டர் எதற்கு? எனக்குத்தான் பதினாலும் போட்டாகிவிட்டதே. ஒரு ஆயுசுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அந்தக் காலத்து ஊசி, இந்தக் காலத்து மருந்து மாதிரி இல்லை.

உனக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். அக்கா, எனக்கு அப்பாவின் முகம் ஞாபகமில்லை. போட்டோவில் இருப்பதைத்தான் முகம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மறு வருஷமே போய்விட்டார். நீயாவது ஒன்பது பத்து வருஷம் அவரோடு இருந்தாய். என்னிடம் இருப்பது அந்த மடி ஒன்றுதான். எல்லோருக்கும் அப்பா வீடு வைத்துவிட்டுப் போவார், வாசல் வைத்துவிட்டுப் போவார். எனக்கு இந்த ஊசியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது பத்தாது, வேறு போட்டுக்கொள் என்று நீ சொல்லும்போது எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

வசந்தியிடம் சொல்லிவிடாதே. பிரசவ வீட்டில் கலவரம் வேண்டாம்.

அம்பி

*

கோயம்புத்தூர்
3 செப்டம்பர் 2024

என் கண்ணான அம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். இதைத் தபாலில் போடப் பொறுமையில்லை. எழுதி முடித்ததும் பத்மப்ரியா போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். உட்கார்ந்து படி.

ஊசி உனக்குப் போடவில்லை. எனக்கு மட்டும்தான் போட்டார்கள்.

பக்கத்து வீட்டு நாய் என் ஆடுசதையைக் கடித்தது. நீ அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். அம்மா மஞ்சள் காமாலையில் படுத்திருந்தாள். உன்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லை, அதனால் அப்பா இருவரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஊசியைப் பார்த்தால் தலை சுற்றும். ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த மனுஷர், ஊசிக்குப் பயப்படுவார் என்று யாருக்கும் தெரியாது. "நீ பெரிய பொண்ணு, போயிட்டு வா" என்பார். நான் உள்ளே போவேன். அவர் உன்னை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் இருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் நீ ஆரம்பிப்பாய். "எனக்கும் போடு, எனக்கும் போடு" என்று ஒரே அடம். அப்பா உன்னை மடியில் போட்டு, சட்டையைத் தூக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு அழுத்து அழுத்துவார். நீ வீல் என்று கத்துவாய். "முடிஞ்சுதுடா, முடிஞ்சுதுடா." கத்தி முடித்ததும் சிரிப்பாய். பதினாலு நாளும் இது நடந்தது. உனக்குப் போட்ட ஊசி அப்பாவின் விரல்தான், அம்பி.

நீ பெரியவனாகி இதை வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தபோது அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. உன்னிடம் அப்பா என்று இருந்தது அவ்வளவுதான். அதை எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை. இப்போதும் வரவில்லை. வேறு வழியில்லாமல் எடுக்கிறேன்.

நிஜமாகவே போட்டிருந்தாலும் இத்தனை வருஷம் கழித்து அது உன்னைக் காக்காது. என்னையே இன்றைக்கு ஒரு நாய் கீறினால் நான் முதலிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

நாள் கடந்துவிட்டதே என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதே. தாமதமானாலும் போட்டே ஆக வேண்டும். பாதாமைத் தொட்ட, தூக்கிய எல்லோரையும் கூட்டிக்கொண்டு போ. பூர்ணாவையும், அந்தப் பிள்ளைகளையும். நாளை மத்தியானத்துக்குள் நீ போகவில்லை என்றால் பத்மப்ரியா வசந்திக்குப் போன் செய்வாள். அவள் வயிற்றுப் பிள்ளைக்காரியை விட்டுவிட்டு ஓடி வரட்டும்.

அப்பாவை இழந்தேன், அம்மாவை இழந்தேன். நீயும் போனால் என்னைக் கடிதத்தில் அக்கா என்று கூப்பிட ஆள் கிடையாது.

அபயம்

*

ஹப்சிகுடா
5 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். போய்விட்டேன். இதையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், தபாலுக்குக் காத்திருந்து நீ நகத்தைக் கடிக்க வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன் மேல் கோபம் வந்தது. பொய் சொல்லுகிறாள், என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குக் கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைத் தடவிப் பார்த்தேன். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம் ஆள்காட்டி விரலால் தொப்புளுக்குப் பக்கத்தில் அழுத்தினேன். கத்த வேண்டும்போல இருந்தது, அக்கா. இந்த வயசில் ஒருவன் தனியாக வீட்டில் நின்று வயிற்றை அழுத்திக்கொண்டு அழுதான் என்று பத்மப்ரியாவிடம் சொல்லாதே. அவள்தான் போட்டோவில் படிக்கப்போகிறாள், சரி, படிக்கட்டும்.

ஒரே ஆட்டோவில் பூர்ணா, அவள் தங்கை மகன், எதிர்வீட்டு இரண்டு பிள்ளைகள், நான். பிள்ளைகளின் அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, "ஏமி காலேது அங்கிள்" என்றாள். ஒன்றும் ஆகவில்லையாம். நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தில் இருந்ததைத் தெலுங்கில் சொன்னேன், செருப்பைப் போட்டுக்கொண்டு அவளும் கிளம்பிவிட்டாள்.

டாக்டர் ரஷ்மி என்று ஒரு சின்னப் பெண். என் பதினாலு ஊசிக் கதையைக் கேட்டுவிட்டு, "பச்பன் கா டீகா அப் கைக்கு காம் ஆதா அங்கிள்?" என்று கேட்டாள். குழந்தையில் போட்டது இப்போது எதற்கு ஆகும் என்கிறாள். அது போடவே இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. கட்டை விரலில் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தை ஏற்றினாள். தடுப்பூசி உடம்பில் வேலையைத் தொடங்குகிற வரைக்கும் கிருமியை அங்கேயே மறித்து வைக்குமாம். உயிர் போய் வந்தது. தடுப்பூசி தோளில்தான், எறும்பு கடித்த மாதிரி. நடுவில் விடாமல் வந்து எல்லா ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஏன் இத்தனை நாள் என்று திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தேதியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள், அதுதான் பயமாக இருக்கிறது. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையில் சரியாக இறங்குகிறதா என்று கவனிக்கிறேன். காலையிலிருந்து எத்தனை டம்ளர் குடித்தேன் என்று தெரியவில்லை.

வசந்தியிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் திட்டினாள். நன்றாக இருந்தது.

அம்பி

*

கோயம்புத்தூர்
6 செப்டம்பர் 2024

சிரஞ்சீவி அம்பிக்கு,

ஆசீர்வாதம். படித்தேன். பத்மப்ரியாவும் படித்தாள். அவள் மூக்கை உறிஞ்சிய சத்தம் எனக்கே கேட்டது.

நான் ரயிலில் வருகிறேன். முழங்கால் என்று எழுதாதே, அதையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ வேண்டாம் என்று பதில் எழுதுவாய், அதற்குள் செகந்திராபாத்தில் இறங்கிவிடுவேன். ஸ்டேஷனுக்கு வா. அடுத்த ஊசிக்கு உன்னோடு வருவேன். பெஞ்சில் உட்கார மாட்டேன், உள்ளேயே வருவேன்.

புளிக்காய்ச்சல் கொண்டுவருகிறேன். தண்ணீர் குடித்துக்கொண்டே இரு, அது நல்லதுதான்.

அபயம்

*

ஹப்சிகுடா
2 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்பியும் வசந்தியும் நமஸ்காரம். நீ இங்கிருந்து கிளம்பிப் போன பிறகு எழுதவே இல்லை, மன்னித்துக்கொள். தாரிணியும் குழந்தையும் சௌக்கியம். குழந்தை அழும்போது வாயைப் பார்த்தால் நம் அம்மா என்கிறாள் வசந்தி. அம்மா அழுது இவள் எப்போது பார்த்தாளோ.

எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது. டாக்டர் ரஷ்மி தைரியமாக இருக்கச் சொன்னாள். பூர்ணாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். நாங்கள் நச்சரித்ததில் பிராணிகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்து, தெரு நாய்களைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி போட்டுவிட்டுப் போனார்கள். மூன்று புதுக் குட்டிகள் இருக்கின்றன. பிஸ்கட் போடுகிறேன், தொடுவதில்லை. கை துறுதுறுக்கிறது.

அப்பாவின் விரலை நினைத்துப் பார்க்கிறேன். வருவதில்லை. நீ சொன்ன பிறகும் எனக்கு ஊசிதான் வருகிறது. மூளை ஒருமுறை எழுதியதை மாற்றாது போலிருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அது வரும்போது சிரிப்பும் சேர்ந்து வருகிறது.

ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்க வாய் வரவில்லை. நீ என்னோடு ஊசிக்கு வந்த அன்றைக்கு உள்ளே நர்ஸ் மருந்தை எடுத்தபோது உன் கை சில்லிட்டுப் போயிற்று. ஊசி எனக்கு, நடுங்கியது நீ. நான் பிடித்துக்கொண்டதும் என் விரல் நோகும் அளவுக்கு இறுக்கினாய். இத்தனை வருஷமாக நாராயண்குடாவைப் பற்றி நான்தான் பேசியிருக்கிறேன். உனக்கு எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளே உன்னை யார் பிடித்துக்கொண்டார்கள், அக்கா?

அம்பி

*

கோயம்புத்தூர்
9 டிசம்பர் 2024

என் அம்பிக்கு,

ஆசீர்வாதம். வசந்திக்கும், தாரிணிக்கும், அந்தச் சின்ன வாய்க்கும் என் முத்தங்கள்.

ஒரு தடியான நர்ஸ் தோளை மேஜையோடு அழுத்துவாள். அது பிடித்துக்கொள்வது இல்லை. வயிறு முழுக்க வீங்கி, முந்தின நாள் போட்ட இடத்தைத் தொட்டாலே எரியும். புதிதாக எங்கே போடுவது என்று அவள் இடம் தேடும்போது நான் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே நீ சிரிக்கிற சத்தம் கேட்கும். அப்பா உனக்குக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருப்பார். நாளைக்காவது உள்ளே வருவார் என்று நினைப்பேன். கடைசி நாள் வரைக்கும் நினைத்தேன். அவர் மேல் கோபமில்லை, முடியாதவர். உன் மேல் மட்டும் கொஞ்சம் இருந்தது. அதனால்தான் நீ அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் எதுவும் சேர்க்காமல் இருந்தேன்.

உள்ளே என்னை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, அம்பி. இந்தச் செப்டம்பரில் நீ பிடித்துக்கொண்டாய்.

உன்
அக்கா